ஆயாவின் சோடாபுட்டியும் அம்மாவின் லென்சும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் காலை, இங்கே சிட்னியில் மதியம். தங்கச்சி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு கண் மருத்துவமனையின் விலைப் பட்டியல். மூன்று கட்டம்: ஸ்டாண்டர்ட், பிரீமியம், அல்ட்ரா பிரீமியம். முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

"அண்ணா, அம்மாவுக்கு வலது கண்ணுல புரை முத்திடுச்சாம். எந்த லென்ஸுன்னு நாளைக்குள்ள சொல்லணுமாம்."

யோசிக்கவே இல்லை. "கடைசிக் கட்டத்துல இருக்கறதச் சொல்லிடு" என்றேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வழக்கமான பதில் இது. கூட இருந்து செய்ய முடியாததை ரூபாயில் செய்துவிடுவது. உங்களில் பலருக்கும் இது தெரிந்த வியாதிதான் :-)

பிறகு அம்மா போனை வாங்கினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "கண்ணு, ஆயாளுக்கு ஆன மாதிரி எனக்கு ஆவாதில்ல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு வாரம் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் ஊர். மார்டள்ளி என்றால் பலருக்குத் தெரியாது. மைசூருக்குக் கிழக்கே, கொள்ளேகால் தாண்டி, மாதேஸ்வரன் மலைப் பக்கம் இருக்கிற தமிழ் கிராமம். கர்நாடகாவில் எப்படித் தமிழ் கிராமம் என்று இங்கே சிட்னியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில், அதாவது அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்தது. மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் மாநிலத்துக்குப் போனது. என் தாத்தா இருந்த இடத்திலேயே இருந்தார். 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்ததும் சாமராஜநகர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். ஊர்ப் பெரிசுகள் இன்னமும் "மைசூர் ஜில்லா" என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டிலும் கோயிலிலும் தமிழ். பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் கன்னடம். கண்ணில் வருகிறதற்கு மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சொல். இங்கே புரை, அங்கே பொரெ.

ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) அந்தப் புரை வந்தது நான் சின்னப் பையனாக இருந்தபோது. ராகியில் கல் பொறுக்க முடியவில்லை. அப்புறம் வாசலில் நிற்கிற ஆள் யார் என்று தெரியவில்லை. 1986-ல் கொள்ளேகாலில் கண் முகாம் என்று தண்டோரா போட்டார்கள். யார் நடத்தினாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் "மோடி டாக்டர் கேம்ப்".

(அது எம்.சி. மோடி. கர்நாடகம் முழுக்க ஊர் ஊராகப் போய் இலவசமாகக் கண் ஆபரேஷன் செய்தவர். 1916-ல் பிறந்து 2005-ல் மறைந்தார். ஒரே நாளில் 833 கண்புரை ஆபரேஷன் செய்தார் என்பது கின்னஸ் புத்தகத்தில் உண்டு. வாழ்நாள் கணக்கு ஆறு லட்சத்துக்கு மேல்.)

அப்பா ஆயாவை பஸ்ஸில் கூட்டிப் போனார். பள்ளிக்கூடக் கட்டடத்தில் வரிசையாகப் பாய். கண்ணில் கட்டு, தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது. ஒரு வாரம் கழித்து வந்தார். கண்ணாடி பிறகு வந்தது. கறுப்பு ஃபிரேம், சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு ஆயா முதலில் பார்த்தது என்னைத்தான். "என்னடா, இவ்ளோ பெருசா ஆயிட்ட!"

எல்லோரும் சிரித்தோம். அது நிஜம் என்று தெரிய எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

*

புரை என்பது கண்ணுக்கு மேல் படரும் தோல் இல்லை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே மங்கிப் போவது. அன்றைய முகாம்களில் அந்த லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிடுவார்கள். ஒளி உள்ளே போகும், ஆனால் குவிக்க ஆள் இல்லை. அந்த வேலையை வெளியே ஒரு கண்ணாடி செய்ய வேண்டும். அதன் பவர் சுமார் பிளஸ் 10.

அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்தில் வளையம் மாதிரி ஒரு பகுதி தெரியவே தெரியாது. பக்கத்திலிருந்து வருகிற ஆள் அந்த வளையத்துக்குள் மறைந்து, திடீரென்று முன்னால் குதிப்பார். ஆயா சொல்வார்: "ஆளுங்க பேயாட்டம் திடுதிப்புனு வர்றாங்கடா." காப்பியைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். வயசு இல்லை, அந்தக் கண்ணாடி அப்படி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. கண்ணாடி உடைந்தால் ஆள் மறுபடி குருடு.

1993 ஏப்ரல் 9-ம் தேதி பாலாறு பக்கம் வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தனியாக எழுத வேண்டும். இருட்டினால் யாரும் வெளியே போவதில்லை. மேட்டூர்ப் பக்கம் போவது என்றாலே வீட்டில் பயம். அந்த வருடம்தான் ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளி ஆயாவின் கண்ணாடி விழுந்தது. ஆபரேஷன் செய்த கண்ணின் பக்கம் உடைந்துவிட்டது. மற்ற கண்ணில் புரை முற்றி ஏற்கெனவே ஒன்றும் தெரியாது.

ஆயா யாரிடமும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் மகனை டவுனுக்கு அலைய வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். உடைந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் என்று தெரியவில்லை. ஒருநாள் கண் அரிக்கிறது என்று ஃபிரேமுக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். அதை அம்மா பார்த்தார். அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

புதுக் கண்ணாடிக்குச் சொல்லி, அது வருவதற்குள் ஆயா திண்ணைப் படியில் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 1994-ல் போய்ச் சேர்ந்தார்.

அம்மா கேட்டது இந்த "ஆயாளுக்கு ஆன மாதிரி"யைத்தான்.

*

எடுத்த லென்ஸுக்குப் பதில் இன்னொரு லென்ஸை உள்ளேயே வைத்தால் என்ன? இவ்வளவு எளிய யோசனை வர எத்தனை நூற்றாண்டு ஆனது பாருங்கள்.

பழைய முறை சுஸ்ருதர் காலத்தது. ஊசியால் மங்கிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. தள்ளியவுடன் வெளிச்சம் தெரியும். நோயாளி கும்பிடுவார், வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கொஞ்ச நாளில் பல கண்கள் சீழ் பிடித்தோ அழுத்தம் ஏறியோ போய்விடும். எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தலைவராக இருந்த எலியட், இப்படிக் கெட்டுப்போய் வந்த நூற்றுக்கணக்கான கண்களைப் பதிவு செய்து 1917-ல் லண்டனில் உரையாற்றினார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) கண் நோயாளிகளின் விவரங்களைப் படம் வரைந்தே எழுதி வைத்தது இன்னொரு சுவாரசியம். அது வேறொரு நாளைக்கு.

லென்ஸைக் கீழே தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1747-ல் பிரான்சில் தாவியேல் செய்து காட்டினார். அதற்கப்புறம் 200 வருடம், எடுப்பதில்தான் முன்னேற்றம். வைப்பதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஆகஸ்ட் 15-ம் தேதி கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. மேல்மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் அவர் கண்களுக்குள் பாய்ந்தன. (நிறைய இடத்தில் ஸ்பிட்ஃபயர் என்று எழுதியிருப்பார்கள், தவறு.) இப்படிப்பட்ட விமானிகளைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் ஒன்றைக் கண்டார். கண் அந்தச் சில்லுகளை எதிர்த்துப் புண்ணாகவில்லை, சும்மா விட்டுவிட்டது. பிறகு ஒருநாள், அவர் புரை எடுப்பதைப் பார்த்த மாணவர் ஒருவர், எடுத்ததற்குப் பதில் வேறு லென்ஸ் வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29-ம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் (பி.எம்.எம்.ஏ.) செய்த லென்ஸை ரிட்லி ஒரு பெண்ணின் கண்ணில் வைத்துப் பார்த்தார். அதை நிரந்தரமாகப் பொருத்தியது 1950 பிப்ரவரியில்.

லென்ஸ் பொருந்தியது, பவர்தான் பொருந்தவில்லை. அந்த அம்மாவுக்குக் கிட்டத்தட்ட மைனஸ் 18 கிட்டப்பார்வை வந்தது. மருத்துவ உலகின் பெரிய தலைகள் ரிட்லியைத் திட்டித் தீர்த்தார்கள், கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதானே நம் வேலை, வைப்பதா என்று. அமெரிக்க அரசு உள்விழி லென்ஸை முறைப்படி ஏற்க 1981 ஆனது. ரிட்லிக்கு சர் பட்டம் கிடைத்தது 2000-ல், அடுத்த வருடம் காலமானார். இதில் அழகு என்னவென்றால், கடைசியில் அவருக்கும் புரை வந்து, இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார்.

கணக்கைப் பாருங்கள். ஆயாவுக்கு ஆபரேஷன் நடந்த 1986-ல் இந்த லென்ஸுக்கு வயது 37.

*

அப்படியானால் ஏன் ஆயாவுக்கு வைக்கவில்லை?

காரணம் விலை. இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவுக்கு விற்றது. கூடவே ஒரு கருத்தும் இருந்தது. ஏழை நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் பார்வையில்லாமல் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு லென்ஸை எடுத்துக் கண்ணாடி கொடுத்தாலே போதும், லென்ஸ் பொருத்துவது ஆடம்பரம் என்று பல வல்லுநர்கள் நினைத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, எண்ணிக்கைக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ஆட்டுக்குட்டி இல்லை, உடைந்த ஃபிரேம் இல்லை.

இந்தக் கணக்கைத் திருத்தி எழுதியது மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி, எல்லோருக்கும் டாக்டர் வி., 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தவர். 1976-ல் அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்பவரின் வருமானத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அதே டாக்டர், அதே ஆபரேஷன். எல்லாம் சரி, ஆனால் ஒரு உறுத்தல். பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்கு சோடாபுட்டி.

இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, இரண்டு கண்ணும் தெரியாத 3400 பேரைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய முறை, கண்ணாடி. பாதிப் பேருக்கு உள்ளே லென்ஸ். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் லென்ஸ் வைத்தவர்கள்தான் மேல். 1998-ல் வெளிவந்தது, பெயரே மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு. அடுப்பு பற்ற வைக்க முடிகிறதா, தனியாக வெளியே போக முடிகிறதா போன்ற வாழ்க்கைக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று, 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை. சேவா ஃபவுண்டேஷனும் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் உதவினார்கள். லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து லென்ஸ் போகிறது. நான் வாழும் இந்த ஊர்க்காரர் ஃப்ரெட் ஹாலோஸ் இதே போராட்டத்தை இன்னொரு பக்கம் நடத்தினார். 1993-ல் அவர் இறந்த பிறகு எரித்ரியாவிலும் நேபாளத்திலும் லென்ஸ் தொழிற்சாலைகள் வந்தன.

இன்னொரு கணக்கும் உறுத்துகிறது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் கண்புரைத் திட்டம் ஒன்று ஏழு மாநிலங்களில் நடந்தது. லென்ஸ் வைக்கும் முறை அரசு மருத்துவமனைகளுக்குப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. தமிழ்நாடு அந்த ஏழில் ஒன்று. கர்நாடகம் இல்லை. 1956-ல் போட்ட கோடு!

*

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம்.

விலைப் பட்டியலில் இருந்தவை என்ன என்று படித்துப் புரிந்துகொண்டது இது.

ஒற்றைக் குவிய லென்ஸ்: ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்க சாதாரணக் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸ்: தூரம், கிட்டம் இரண்டும் தெரியும், கண்ணாடி இல்லாமலே ஓட்டலாம். ஆனால் வருகிற ஒளியைப் பங்கு போட்டுத்தான் அதைச் செய்கிறது. அதனால் மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். டோரிக் லென்ஸ்: கருவிழியின் வளைவு ஒழுங்காக இல்லாதவர்களுக்கு, அதாவது சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு.

மடக்கும் லென்ஸ், மடங்காத லென்ஸ் என்பது வேறு விஷயம். மடங்காத பி.எம்.எம்.ஏ.க்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வெட்டு வேண்டும். மடக்குவதற்கு 3 மில்லிமீட்டருக்குள் போதும். 1967-ல் கெல்மன் கொண்டுவந்த ஃபேக்கோ முறையில் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். (ஊரில் இதை "லேசர்" என்கிறார்கள். ஃபேக்கோ லேசர் இல்லை, ஒலி அதிர்வு.) கையால் சிறு வெட்டுப் போட்டு, தையல் இல்லாமல் எடுக்கும் முறையும் மோசமில்லை. நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்ட 2007 ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை.

இதையெல்லாம் படித்த பிறகு தங்கச்சியிடம் கேட்டேன். "அம்மாவுக்கு சர்க்கரை இருக்கே, விழித்திரையப் பார்த்தாங்களா?"

"இல்லண்ணா. விலைய மட்டும்தான் விளக்குனாங்க. பேக்கேஜ் ஆஃபர் இந்த வாரத்தோட முடியுதாம்."

வேறு இடத்தில் ஒரு வயதான டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் விழித்திரையை ஸ்கேன் செய்தார். சர்க்கரையின் பாதிப்பு லேசாக ஆரம்பித்திருக்கிறது. "இந்தக் கண்ணுக்குப் பல குவிய லென்ஸ் வேண்டாம்மா. விழித்திரை கொஞ்சம் பலவீனம். வர்ற வெளிச்சத்தையும் பங்கு போட்டா, பின்னால கஷ்டம்" என்றாராம். மடக்கும் ஒற்றைக் குவிய லென்ஸ் போதும். பட்டியலின் முதல் கட்டம்.

நான் மட்டும் அன்று பணத்தை அனுப்பியிருந்தால், என் பாசத்துக்கு அம்மாவின் கண் விலை கொடுத்திருக்கும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நம்மில் நிறையப் பேர் இதே தூரத்தில் இருந்து இதே பதிலைச் சொல்கிறோம்.

அப்பா அம்மாவுக்காகக் கேட்க வேண்டியவை: விழித்திரை பார்த்தார்களா? சர்க்கரை, கண் அழுத்தம் உண்டா? இரவில் வண்டி ஓட்டுவாரா? நாள் முழுக்கச் செய்கிற வேலை எந்தத் தூரத்தில்? சிலிண்டர் பவர் எவ்வளவு? லென்ஸின் பெயர், பவர், எண் எழுதிய அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதமோ வருடமோ கழித்து மறுபடி மங்கினால் பயப்பட வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மங்குவது அது. அதைச் சரி செய்வதுதான் நிஜமான லேசர், சில நிமிட வேலை.

*

ஆபரேஷன் முடிந்து மறுநாள் அம்மா போன் செய்தார். எதிர்வீட்டு ஓட்டில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று எண்ணிச் சொன்னார். படிக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்ததும் தங்கச்சியிடம் இரண்டு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில், ஒன்று பீரோவில்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒன்னு உடைஞ்சா? ஆயா அந்த வெறும் ஃபிரேம மாட்டிக்கிட்டு இருந்தது எனக்குல்ல தெரியும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டும் உடைஞ்சாலும் எனக்கு வீடு தெரியும் இல்ல கண்ணு?"

"தெரியும்மா. படிக்கத்தான் முடியாது. வீடு, வாசல், படி எல்லாம் தெரியும்."

"அது போதும்."

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர்காரன், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு லென்ஸ் முடிவு செய்யாதீர்கள். இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மாவின் டாக்டரிடம் கேள்வி கேளுங்கள்.